பிறந்த பிள்ளைக்குப் போடுற ஊசி, செய்யிற ரெஸ்ட்: எதுக்கு உடனே ஓம் எண்டுறது, எதைக் கேட்டுட்டுச் செய்யிறது

என்ர மூத்தவள் பிறந்து ஒரு மணித்தியாலம் கூட ஆகியிருக்காது, துவாயை விலத்திப் பாத்தா தொடையில ஒரு சின்னப் பஞ்சுத்துண்டு ஒட்டிக் கிடக்கு. இதென்ன எண்டு பக்கத்துக் கட்டில் அக்காவைக் கேட்டன், அவ "அது எல்லாப் பிள்ளைக்கும் போடுறது தங்கச்சி, நீர் படுத்துக்கொள்ளும்" எண்டா. அம்மாவைக் கேட்டன், அவவுக்கும் தெரியாது. இவரைக் கேட்டா அவர் வெளியில தேத்தண்ணிக் கடையில நிண்டவராம். பேந்து வீட்டை வந்து மூண்டாம் நாள் பிள்ளையின்ர கார்டை வடிவா வாசிக்கேக்க தான் அது வைட்டமின் கே எண்டு கண்டது. ஊசி போட்டது பிழை எண்டு சொல்ல வரேல்லை, இப்ப கேட்டாலும் அதை நான் போடச் சொல்லித் தான் சொல்லுவன், ஆனா எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை, அதான் மனசில கிடந்தது. அந்த ஆஸ்பத்திரியின்ர பேர் வேண்டாம், எங்க போனாலும் சனம் கூடின நாளில உப்பிடித் தான் நடக்கும்.

அதால ரெண்டாவதுக்கு நான் 34ஆம் கிழமையிலயே ஒரு கொப்பி எடுத்து எழுதி வச்சன். அதில இருந்ததைத் தான் இஞ்ச விரிச்சு எழுதுறன், இலங்கையில வயித்தில பிள்ளையோட இருக்கிற ஆக்களும், அவையின்ர மனுசன்மாரும் (முக்கியமா மனுசன்மார்) வாசிச்சு வையுங்கோ. நான் டொக்டர் இல்லை, ரெண்டு பிள்ளை பெத்தவள், கேட்டுக் கேட்டுப் படிச்சவள், அவ்வளவு தான்.

முதல் விசயம், முடிவு எடுக்கிறது பிள்ளை பிறந்தாப் பிறகு இல்லை. பிறந்தாப் பிறகு உங்களுக்குத் தலை வேலை செய்யாது, தையல் நோ, நித்திரை இல்லை, பால் சுரக்குதோ எண்ட யோசினை, அதுக்குள்ள மாமி ஒண்டு சொல்லுவா, அம்மம்மா ஒண்டு சொல்லுவா, லண்டனில இருக்கிற சித்தி வட்ஸ்அப்பில ஒரு வொயிஸ் அனுப்புவா, ரொறன்ரோ மச்சாள் இன்னொண்டு அனுப்புவா. எங்கட ஊரில ஒரு பிள்ளைக்கு ஊசி போடுறதை அந்தப் பிள்ளையின்ர தாய் தேப்பனைத் தவிர மிச்ச எல்லாரும் தீர்மானிப்பினம். அதால 32, 34 கிழமையில கிளினிக்குக்குப் போகேக்க மனுசனையும் இழுத்துக்கொண்டு போங்கோ, மிட்வைஃப் அக்காவிட்ட ஒவ்வொண்டாக் கேளுங்கோ. அவைக்கு நேரம் இல்லை எண்டு நீங்களா நினைக்காதேங்கோ, கேட்டா அனேகமா இருந்து சொல்லுவினம், கேக்கிற ஆக்கள் தான் குறைவு.

கேக்கிறதுக்கு எனக்கு நாலு கேள்வி போதுமா இருந்தது. இது என்னத்துக்கு? இண்டைக்கே செய்யாமப் பிந்தினா என்ன நடக்கும்? செய்தாப் பிறகு பிள்ளைக்கு என்ன வரலாம், எதைப் பாத்து நான் பயப்பிட வேணும்? செய்ததை எங்க எழுதுவீங்கள்? இதில ரெண்டாவது கேள்வி தான் பெரிய கேள்வி. ஏன் எண்டா சிலது பிந்தினா பிரயோசனமே இல்லை, சிலது ஒரு கிழமை பிந்தினாலும் ஒண்டும் ஆகாது. இந்த வித்தியாசம் தெரிஞ்சா பாதிப் பயம் போயிடும், மிச்சப் பாதி வீட்டு ஆக்களோட சண்டை பிடிக்கிறதுக்கு வேணும்.

வைட்டமின் கே

பிந்த விடக்கூடாததில முதலாவது இது. பிறக்கிற எல்லாப் பிள்ளைக்கும், தாய் எவ்வளவு நல்லாச் சாப்பிட்டாலும், உடம்பில வைட்டமின் கே குறைவாத் தான் இருக்கும். கொப்பூழ்க்கொடியால அது வடிவாக் கடக்கிறேல்லை, தாய்ப்பாலிலயும் கொஞ்சம் தான் இருக்கு, குடலில இருந்து அதைச் செய்து குடுக்கிற கிருமியள் பிள்ளையின்ர வயித்தில இன்னும் குடியேறேல்லை. ரத்தம் உறையிறதுக்கு இது வேணும். இல்லாட்டி முதல் கிழமையில கொப்பூழால, மூக்கால, மலத்தோட ரத்தம் வரலாம். அதை விடப் பயங்கரம் பிந்தி வாறது, ரெண்டு கிழமையில இருந்து ஆறு மாசம் மட்டும் எப்பவும் வரலாம், அனேகமா மூளைக்குள்ள தான் கசியும், வெளியில ஒரு அடையாளமும் இல்லாமல் பால் குடிச்சுக்கொண்டிருந்த பிள்ளை சடாரெண்டு சோர்ந்து போகும்.

அமெரிக்காவின்ர நோய்த் தடுப்பு நிலையம் (சிடிசி) சொல்லுற கணக்கு, ஊசி போடாத பிள்ளையளில முதல் கிழமை வாறது 60இல ஒண்டு துவங்கி 250இல ஒண்டு மட்டும், பிந்தி வாறது 14,000இல ஒண்டு துவங்கி 25,000இல ஒண்டு மட்டும். 25,000இல ஒண்டு தானே எண்டு ஒரு அண்ணா எனக்குச் சொன்னவர். சரி அண்ணா, ஆனா மறுபக்கம் தராசில என்ன கிடக்கு? தொடையில ஒரு மில்லிகிராம் மருந்து, ஒரு நிமிச அழுகை, சில பிள்ளைக்கு அந்த இடம் கொஞ்சம் சிவக்கும். மாசம் நிறைய முந்திப் பிறந்த சின்னப் பிள்ளையளுக்கு அளவைக் குறைச்சுப் போடுவினம்.

வட்ஸ்அப்பில சுத்துற "இந்த ஊசியால ரத்தப் புற்றுநோய் வரும்" எண்ட கதைக்கு ஒரு வேர் இருக்கு, சும்மா வந்த கதை இல்லை. 1992இல இங்கிலாந்தில வந்த ஒரு ஆய்வு அப்பிடி ஒரு தொடர்பு இருக்கலாம் எண்டு சொன்னது. அதுக்குப் பிறகு வேற வேற நாட்டில இன்னும் கூடின பிள்ளையளை வச்சுப் பாத்தவை, அந்தத் தொடர்பைக் காணேல்லை. முதல் கதை மட்டும் ஓடித் திரியுது, பின்னுக்கு வந்தது ஒருத்தருக்கும் ஃபோர்வேர்ட் ஆகேல்லை.

இன்னொண்டு எங்கட அம்மம்மாமார் சொல்லுறது, முருங்கையிலையும் பொன்னாங்காணியும் வல்லாரையும் சாப்பிடுற தாய்க்கு உதெல்லாம் தேவையில்லை எண்டு. கீரையில வைட்டமின் கே நிறைய இருக்கிறது உண்மை தான், தாய்க்கு அது நல்லது, ஆனா பாலுக்குப் போறது சொட்டு. முருங்கையிலைச் சுண்டல் உங்களுக்கு, ஊசி பிள்ளைக்கு, ரெண்டும் வேற வேற கணக்கு. சில வெளிநாட்டில வாயால விடுற சொட்டு மருந்தும் குடுக்கினம், அது பல தரம் மறக்காமல் குடுக்க வேணும், ஒரு தரம் தப்பினாலும் பாதுகாப்புக் குறையும், ஊசி ஒரே தரம். தாய் வலிப்புக்கோ சயரோகத்துக்கோ (டிபி) மருந்து எடுக்கிறவ எண்டா அதைக் கட்டாயம் முதலே சொல்ல வேணும், அந்த மருந்துகளில சிலது பிள்ளையின்ர வைட்டமின் கேயை இன்னும் இறக்கும், முதல் நாளே ரத்தம் போகலாம். சோனகத் தெருப் பக்கம் எங்களுக்குத் தெரிஞ்ச குடும்பங்களில ஆம்பிளைப் பிள்ளைக்குக் கெதியாச் சுன்னத்து வைக்கிறதெண்டா வெட்டுறவரும் முதல் கேக்கிற கேள்வி இந்த ஊசி போட்டதோ எண்டு தான்.

குதிக்கால் ரத்தம்

இதைத் தான் நான் ஆகக் கூடுதலாச் சொல்லுவன், ஏன் எண்டா இதைப் பற்றித் தான் ஆகக் குறைவாத் தெரியும். பிள்ளை பிறந்து ஒரு நாள் கழிஞ்சாப் பிறகு, வீட்டை அனுப்ப முந்தி, குதிக்காலின்ர ஓரத்தில குத்தி ஒரு தடிச்ச கடுதாசியில இருக்கிற வட்டத்தில ரத்தச் சொட்டை விழ விடுவினம். என்ர ரெண்டாவதுக்கு எடுக்கேக்க நான் பக்கத்தில நிண்டு பாத்தன். மிஸ்ஸி (தாதி) முதல் அந்தக் காலைத் தன்ர உள்ளங்கைக்குள்ள பொத்திச் சூடாக்கினவ, பேந்து குத்தி முதல் சொட்டைத் துடைச்சுப் போட்டு ரெண்டாவதை விட்டவ, வட்டம் முழுக்க மறுபக்கமும் சிவக்கோணும் எண்டு திருப்பிப் பாத்தவ. பிள்ளை கத்தினது உண்மை. நான் பால் குடுத்துக்கொண்டே இருக்கேக்க எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம் எண்டு பேந்து தான் யோசிச்சன், நீங்கள் கேளுங்கோ, அழுகை குறையும்.

இது தைரொயிட் பாக்கிறது. சில பிள்ளையளுக்குப் பிறக்கேக்கயே தைரொயிட் சுரப்பி இல்லாமலோ வேலை செய்யாமலோ இருக்கும். கண்ணால பாத்தா ஒண்டும் தெரியாது, நல்ல வடிவான அமைதியான பிள்ளை, தாயின்ர ஹோர்மோன் கொஞ்சம் உள்ளுக்கு இருக்கிறதால. "அழாத பிள்ளை, நல்ல நித்திரை" எண்டு வாற எல்லாரும் மெச்சுவினம். மாசங்கள் போனாப் பிறகு தான் பிள்ளை மந்தமா இருக்குது எண்டு தெரியும், அப்ப மூளைக்கு நடந்ததைத் திருப்ப ஏலாது. அதையே முதல் ரெண்டு கிழமைக்குள்ள கண்டுபிடிச்சா ஒரு சின்னக் குளிசையை நசுக்கித் தாய்ப்பாலில கரைச்சு ஒவ்வொரு நாளும் குடுக்கிறது தான் வைத்தியம், பிள்ளை மற்றப் பிள்ளையள் மாதிரியே வளந்து படிக்கும். இப்பிடி ஒரு வருத்தம் இவ்வளவு லேசான மருந்தோட வாறது அருமை, அதை ஒரு சொட்டு ரத்தத்துக்காக விடுறது விசர் வேலை.

ஏன் ஒரு நாள் பொறுக்க வேணும் எண்டா, பிறந்த உடனே எல்லாப் பிள்ளைக்கும் இந்த ரெஸ்டில பாக்கிற ஹோர்மோன் அளவு தானா ஏறி இறங்கும், அந்த நேரம் எடுத்தா எல்லாம் கூடத் தான் காட்டும். அதால 24 மணித்தியாலத்துக்கு முந்தி வீட்டை ஓடுற ஆக்கள், "எங்கட பிள்ளைக்குக் குதிக்கால் ரத்தம் எடுத்தாச்சோ, இல்லாட்டி எப்ப எங்க கொண்டு வாறது" எண்டு கேட்டு எழுதிக்கொண்டு தான் வெளிக்கிட வேணும். பிரைவேட்டில பிறந்தாலும் கேளுங்கோ, காசு கட்டினதால எல்லாம் தானா நடந்திருக்கும் எண்டு நம்பாதேங்கோ.

இதில ஒரு பொறி இருக்கு. ரிசல்ட் நல்லமெண்டா அனேகமா ஒருத்தரும் எடுத்துச் சொல்ல மாட்டினம், கூடக் காட்டினா மட்டும் தான் கோல் வரும். அப்ப அந்தக் கடுதாசியில எழுதியிருக்கிற போன் நம்பர் ஆற்ற நம்பர்? எனக்குத் தெரிஞ்ச ஒரு தாய், தன்ர மனுசன்ர நம்பரைக் குடுத்தவள், மனுசன் கட்டாரில, இஞ்சத்தைச் சிம் லாச்சிக்குள்ள. மிட்வைஃப் அக்கா தான் வீடு தேடி சைக்கிளில வந்து திருப்பி ரத்தம் எடுக்கக் கூப்பிட்டவ, கடைசியில பிள்ளைக்கு ஒண்டும் இல்லை, ஆனா அந்தப் பத்து நாள் அவளின்ர மனசு அவளிட்ட இல்லை. ரெண்டு நம்பர் குடுங்கோ, ஒண்டு பிள்ளைப்பெத்த வீட்டில இருக்கிற ஆற்றையாவது. தெரியாத நம்பர் எண்டு அந்த மாசம் மட்டும் வெட்டாதேங்கோ, விளம்பரக்காரன் எண்டாலும் பரவாயில்லை, எடுங்கோ.

வலது கையிலயும் ஒரு காலிலயும் சிவப்பு லைட் பத்துற கிளிப் மாதிரி ஒண்டை வச்சுப் பாக்கிறது ஒக்சிசன் அளவு. இருதயத்தில பிறவிப் பழுது சிலதை இது காட்டிக் குடுக்கும், ஊசியும் இல்லை நோவும் இல்லை, நூற்றுக்கு 95 இல்லாட்டி அதுக்கு மேல இருந்து கைக்கும் காலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாட்டிச் சரி. இதுக்கு யோசிக்கிறதுக்கு ஒண்டும் இல்லை, செய்யேல்லை எண்டா செய்யச் சொல்லிக் கேளுங்கோ. காது கேக்குதோ எண்டு பாக்கிற மெசினும் சில இடத்தில இருக்கு, இருந்தா நல்லம், முதல் தரம் சரிவரேல்லை எண்டு சொன்னா அழத் தேவையில்லை, காதுக்குள்ள தண்ணி இருந்தாலும் அப்பிடிக் காட்டும், திருப்பிச் செய்வினம்.

பிசிஜி

இது நாங்கள் எல்லாரும் இடது தோள்ப்பக்கம் தழும்போட திரியிற சயரோக ஊசி தான். உலகத்தில முதல் முதலா ஒரு பிள்ளைக்குக் குடுத்தது 1921இல பரிசில, அதைக் கண்டுபிடிச்ச கல்மெற், கெரான் எண்ட ரெண்டு பேரின்ர பேர் தான் அந்தக் கடைசி ரெண்டு எழுத்து. பெரிய ஆக்களுக்கு நெஞ்சில வாற சயரோகத்தை இது முழுக்கத் தடுக்காது, அதை வச்சுத் தான் "பிசிஜி போட்டவனுக்கும் டிபி வந்ததே" எண்டு சிலர் கதைக்கிறது. இதின்ர வேலை வேற. சின்னப் பிள்ளைக்கு மூளைச் சவ்வில வாற சயரோகத்தையும் உடம்பெல்லாம் பரவுற சயரோகத்தையும் தான் இது மறிக்கிறது, அந்த ரெண்டும் வந்தா பிள்ளை தப்பிறது கஸ்டம்.

லண்டன் சித்தி "இஞ்ச ஒருத்தருக்கும் போடுறேல்லை, அங்க ஏன் போடுறியள்" எண்டு கேட்டவ. அங்க சயரோகம் குறைவு, அதால 2005இல பள்ளிக்கூடப் பிள்ளையள் எல்லாருக்கும் போடுறதை நிப்பாட்டிப் போட்டினம். ஆனா பெற்றாரோ அம்மம்மா அப்பப்பா மாதிரி ஆக்களோ சயரோகம் கூடின நாட்டில பிறந்தவை எண்டா அங்கயும் பிள்ளைக்குப் போடச் சொல்லுவினம், அதாவது சித்தியின்ர பேரப்பிள்ளைக்கே கூப்பிட்டுப் போட இடமிருக்கு. நான் இதைச் சொன்னாப் பிறகு சித்தி ரெண்டு நாள் கதைக்கேல்லை.

இது பிந்தினா அந்தரம் இல்லை, சுகாதார வைத்திய அதிகாரியின்ர (எம்.ஓ.எச்) கிளினிக்கிலயும் போடலாம். ஆனா ஆஸ்பத்திரியில இருக்கேக்கயே முடிக்கிறது லேசு. நெடுந்தீவு, நயினாதீவுப் பக்கம் இருந்து வாற ஆக்களுக்குச் சொல்லுறன், குறிகட்டுவான் வள்ளத்தில கைப்பிள்ளையோட கடலுக்குள்ள திரும்பி வர ஆருக்கு ஏலும், எல்லாத்தையும் முடிச்சிட்டே போங்கோ. பிள்ளை எடை குறைவு, மாசம் நிறைய முந்திப் பிறந்தது, இல்லாட்டி தாய்க்கு எச்.ஐ.வி எண்டா டொக்டர் பிந்தச் சொல்லுவார், அது வேற. முந்தி உங்கட குடும்பத்தில ஒரு கைப்பிள்ளை கிருமித் தொற்று மாறி மாறி வந்து தவறியிருந்தா அதையும் கட்டாயம் சொல்லுங்கோ, நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத பிள்ளைக்கு இந்த ஊசி கூடாது, இது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்தது.

போட்டு ரெண்டு மூண்டு கிழமையில அந்த இடம் சின்னப் பருவா வரும், சிதழ் கட்டும், உடையும், காயும், திரும்பியும் கசியும். இது தான் நடக்க வேண்டியது. அதில மஞ்சள், தேங்காயெண்ணெய், ஓயின்மென்ற், பிளாஸ்டர் ஒண்டும் வேண்டாம், அமத்திச் சிதழ் எடுக்கவும் வேண்டாம். கக்கத்துக்குள்ள பெரிய கட்டி வந்தா மட்டும் கொண்டு போய்க் காட்டுங்கோ.

பிறந்த உடனே பிள்ளையின்ர கண்ணுக்குப் போடுற மருந்து எண்டு ரொறன்ரோ மச்சாள் சொன்னது இஞ்ச எங்களுக்கு வழமை இல்லை. தாயின்ர பிறப்பு வழியில கொனோரியா இருந்தா பிள்ளையின்ர கண் பழுதாகும் எண்டு 1880களில ஜேர்மனியில க்ரேடே எண்டவர் வெள்ளி நைத்திரேற் சொட்டு விடத் துவங்கினது, பேந்து அது அன்ரிபயோரிக் களிம்பா மாறினது. கனடாவில குழந்தை வைத்தியர் சங்கமே 2015இல எல்லாப் பிள்ளைக்கும் பூசத் தேவையில்லை, தாயை ரெஸ்ட் பண்ணி வைத்தியம் செய்யிறது தான் நல்லம் எண்டு சொல்லிப் போட்டுது. அதால அது போடேல்லையே எண்டு இஞ்ச அந்தரப்படத் தேவையில்லை. ஆனா முதல் கிழமையில கண் வீங்கிச் சிதழ் வடிஞ்சா அண்டைக்கே காட்டுங்கோ. கண்ணுக்குத் தாய்ப்பால் விடுற வேலை வேண்டாம், எங்கட அம்மாவும் ஒருக்கா கிண்ணத்தோட வந்தவ.

கர்ப்பத்தில உங்களுக்கு எடுக்கிற ரத்தத்தையும் சும்மா நினைக்காதேங்கோ, சிபிலிசும் எச்.ஐ.வியும் அதில தான் பாக்கிறது. தாயில இருந்து பிள்ளைக்கு அந்த ரெண்டும் போறதை இலங்கை ஒழிச்சிட்டுது எண்டு உலக சுகாதார நிறுவனம் 2019இல சொன்னதுக்கு அந்தச் சின்ன ரெஸ்டுகள் தான் காரணம். "எனக்கேன் உந்த ரெஸ்ட், நாங்கள் அப்பிடியான ஆக்களோ" எண்டு கோவிக்கிற ஆக்களை கிளினிக் வாங்கிலில கண்டிருக்கிறன். தாய்க்கு ஹெபரைரிஸ் பி எண்டா சொல்லி வையுங்கோ, பிள்ளைக்குப் பிறந்த உடனே ஊசி வேணும், மற்றப் பிள்ளையளுக்கு அது ரெண்டு, நாலு, ஆறாம் மாச ஊசியோட சேர்ந்து வரும். உங்கட ரத்தம் நெகட்டிவ், பிள்ளையின்ரது பொசிட்டிவ் எண்டா 72 மணித்தியாலத்துக்குள்ள உங்களுக்கு அன்ரி டி எண்ட ஊசி போட வேணும், அது அடுத்த பிள்ளைக்கான காவல். மறக்கிற விசயம் இல்லை, ஆனா நீங்களும் நினைவில வையுங்கோ.

செங்கமாரியை (மஞ்சள் காமாலை) பற்றிச் சொல்லாட்டி அம்மா கோவிப்பா. ரெண்டாம் மூண்டாம் நாளில கொஞ்சம் மஞ்சள் வாறது கனபிள்ளைக்கு வழமை. முதல் 24 மணித்தியாலத்துக்குள்ள வந்தா வழமை இல்லை, உடனே சொல்ல வேணும். தாயின்ர ரத்தம் ஓ குறூப் எண்டா கூடக் கவனம். நெத்தியில, மூக்கில விரலால அமத்தி எடுத்து, பகல் வெளிச்சத்தில, யன்னலுக்குப் பக்கத்தில வச்சுப் பாருங்கோ, ரியூப் லைட்டில எல்லாரும் மஞ்சள் தான். உள்ளங்கால் மட்டும் மஞ்சள் இறங்கினா, பால் குடிக்க எழும்பாமக் கிடந்தா கொண்டு ஓடுங்கோ. நீல லைட்டுக்குக் கீழ வைக்கச் சொன்னா வையுங்கோ, "விடியக் காலமை வெயிலில பிடிச்சாப் போயிடும்" எண்டு வீட்டை கேட்டுக் கூட்டிக்கொண்டு வராதேங்கோ. எங்கட வெயிலுக்கு முதல் பிள்ளை காஞ்சு போகும், மஞ்சள் நிண்ட இடத்தில தான் நிக்கும். அளவு ஏறி மூளைக்குப் போனா அது திரும்பாத சேதம்.

பெரிய ஆக்களைச் சமாளிக்கிறது

எல்லாத்துக்கும் இல்லை எண்டு சொன்னா வீட்டில இருக்கேலாது, அதால நான் விட்டுக் குடுக்கிறதையும் விடாததையும் பிரிச்சன். எனக்கு நீங்கள் தாற பத்தியக் கறி, சரக்குத் தண்ணி, வேர்க்கொம்பு எல்லாம் நான் குடிக்கிறன், 31 மட்டும் துடக்குக் காக்கிறன், பிள்ளைக்குப் பொட்டு கன்னத்தில வையுங்கோ. ஆனா வாய்க்குள்ள தாய்ப்பாலைத் தவிர ஒண்டும் வேண்டாம், கோரோசனை, தேன், சீனித்தண்ணி, கிரைப் வோட்டர் ஒண்டும். தேன் ஒரு வயசு மட்டும் கூடாது, அதில இருக்கிற கிருமி சின்னப் பிள்ளையின்ர குடலில நஞ்சு செய்யும். கொப்பூழில சாம்பல், வசம்பு, எண்ணெய் ஒண்டும் வேண்டாம், காய விட்டா தானா விழும். மாமிக்கு நேர இதைச் சொல்ல எனக்கு வாய் வராது, மிட்வைஃப் அக்கா வீட்டை வாற நாளில மாமியையும் பக்கத்தில இருத்தி, "அக்கா, கொப்பூழுக்கு என்ன பூசுறது?" எண்டு ஒண்டும் தெரியாத மாதிரிக் கேட்டன். அக்கா மாமியைப் பாத்துச் சொன்னவ. வேலை முடிஞ்சுது. பிறந்த முதல் பத்து நாளுக்குள்ள அவை வீட்டை வருவினம், அந்த வருகையை இதுக்குப் பாவியுங்கோ.

வேண்டாம் எண்டு சொல்ல நினைக்கிற ஆக்களுக்கு

ஒண்டைப் பிந்த வைக்கவோ வேண்டாம் எண்டோ நீங்கள் நினைச்சா, அதை இரவு டியூட்டியில நிக்கிற தாதியோட சண்டை பிடிச்சுச் சொல்லாதேங்கோ, அவவால ஒண்டும் செய்ய ஏலாது. விடிய வோர்ட் ரவுண்டில பெரிய டொக்டர் வரேக்கச் சொல்லுங்கோ, காரணத்தையும் சொல்லுங்கோ, அவர் சொல்லுறதையும் முழுக்கக் கேளுங்கோ, பெட் ஹெட் ரிக்கெற்றில (ஆஸ்பத்திரியில உங்கட வைத்தியக் குறிப்பு எழுதுறது) எழுதச் சொல்லுங்கோ. சின்ன டொக்டர் சிங்களப் பிள்ளையா இருந்து கதை விளங்காட்டி வெக்கப்படாமல் ஒரு மிஸ்ஸியைக் கூப்பிட்டுத் தமிழில சொல்ல வையுங்கோ, அரைகுறையா விளங்கித் தலையாட்டிப் போட்டு வீட்டை வந்து நெற்றில தேடுறது தான் ஆகப் பிழை. என்ர நிலைப்பாட்டை மறைக்கேல்லை, வைட்டமின் கேயும் குதிக்கால் ரத்தமும் வேண்டாம் எண்டு சொல்ல எனக்கு ஒரு நல்ல காரணமும் இன்னும் ஆரும் சொல்லேல்லை. அப்பிடி வைட்டமின் கே போடாமல் வீட்டை போற பிள்ளை எண்டா ஆறு மாசம் மட்டும் கண்ணில எண்ணெய் விட்டுப் பாருங்கோ, காரணம் இல்லாமல் கண்டல், கொப்பூழில ரத்தக் கசிவு, கறுத்த மலம் (முதல் ரெண்டு மூண்டு நாள் போற காட்டுப்பீ இல்லை, அதுக்குப் பிறகு), வெளிறின முகம், ஓயாத சத்தி, எழும்பாத நித்திரை. ஒண்டு கண்டாலும் ஓட்டோ தேடாதேங்கோ, 1990க்கு அடியுங்கோ, காசில்லாமல் அம்புலன்ஸ் வரும், ஏறேக்கயே வைட்டமின் கே போடாத பிள்ளை எண்டு சொல்லுங்கோ.

வீட்டை அனுப்புற அண்டைக்கு எல்லாரும் அவசரப்படுவினம். வான் வந்து நிக்கும், ராகுகாலம் துவங்க முந்தி வெளிக்கிட வேணும் எண்டு மாமா வாசலில நிப்பார். அந்தச் சனத்துக்குள்ளயும் ஒரு அஞ்சு நிமிசம் கட்டிலில இருந்து பிள்ளையின்ர கார்டைத் திறவுங்கோ, பொம்பிளைப் பிள்ளைக்கு றோஸ், ஆம்பிளைப் பிள்ளைக்கு நீலம். வைட்டமின் கே எழுதியிருக்கோ, பிசிஜி திகதியோட இருக்கோ, தைரொயிட்டுக்கு ரத்தம் எடுத்தது இருக்கோ, பிறந்த எடையும் இண்டையான் எடையும் இருக்கோ, உங்கட போன் நம்பர் சரியோ. ஒண்டு வெறுமையாக் கிடந்தா வான் நிக்கட்டும், மாமா நிக்கட்டும், போய்க் கேளுங்கோ. பேந்து அந்தக் கார்டைப் போனில ஒரு படம் எடுத்து மனுசனுக்கும் அனுப்பி வையுங்கோ, மழைக்கு நனைஞ்ச கார்டுகள் கனக்கக் கண்டிட்டன்.

ஆறு மாசம் போனாப் பிறகு ஒரு நாள் பிள்ளையைக் குளிக்க வாக்கேக்க இடது கையைப் பாருங்கோ. பிசிஜித் தழும்பு இல்லாட்டி மிட்வைஃப் அக்காவிட்டச் சொல்லுங்கோ, திருப்பிப் போடுவினம், அஞ்சு வயசு மட்டும் அதுக்கு நேரம் இருக்கு. என்ர ரெண்டாவதுக்கு அப்பிடித் தான் போட்டது, இப்ப வலு வடிவா ஒரு பொட்டு மாதிரி இருக்கு, அதை எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரியிறார்.